பாக்காமல் சொல்லேலாது

அவர் இப்போது உயிரோடு இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. அவரிடமே போய்க் கேட்டாலும் தன் கையைத் தானே பிடித்து நாடி பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். அப்படிப்பட்ட மனுஷி.

எங்கள் அடுக்குமாடியில் எல்லோரும் அவரை லேப் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. கீழே தபால் பெட்டியில் எழுதிக்கூட இருந்தது. அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதிக்கிற இடத்தில் வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து மலாய் நாட்டுக்கு வந்த குடும்பம், அப்பா ரயில்வேயில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவராம். எங்களுக்கு எதிர்வீட்டில் தனியாக இருந்தார். ஏன் கல்யாணம் கட்டவில்லை என்று என் மாமியார் ஒருமுறை நேராகவே கேட்டுவிட்டார். எனக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது. லேப் அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"கேட்டு வந்தவையைப் பாத்தனான். பாத்தாப் பிறகு வேண்டாமெண்டு விட்டிட்டன்" என்றார்.

பார்க்காமல் எதையும் சொல்ல மாட்டார். அதுதான் அவர். அவரைப் பற்றிச் சொல்ல வேறு எதுவும் இல்லை என்றுகூடச் சொல்லலாம். நல்ல குணமா கெட்ட குணமா என்று எங்கள் மாடியில் பெரிய பட்டிமன்றமே நடக்கும். கெட்டது என்ற கட்சிக்கு நான்தான் தலைவி.

எழுபதுகளின் கடைசியில் கல்யாணமாகி நான் ஜெலுத்தோங் பக்கம் இருந்த அந்த வீட்டுக்கு வந்தேன். சொந்த ஊர் புக்கிட் மெர்தாஜாம். வீட்டில் என் கணவர், மாமியார், நான். என் கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. நான் பாயான் லெப்பாஸில் ஒரு எலக்ட்ரானிக் கம்பெனியில் பூதக்கண்ணாடிக்குக் கீழே சில்லுகளைப் பார்த்து நல்லது ஒரு தட்டில், கெட்டது ஒரு தட்டில் என்று பிரித்துப் போடுவேன். யோசிக்க நேரம் கிடையாது. யோசித்தால் சூப்பர்வைசர் பின்னால் வந்து நிற்பாள். அந்தப் பழக்கம் வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. ஓர் ஆளைப் பார்த்தால் வாசல் தாண்டுவதற்குள் எந்தத் தட்டு என்று முடிவு செய்துவிடுவேன். அதனாலேயே லேப் அக்காவோடு எனக்கு ஒத்துப்போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துக் கம்பில் மாட்டும்போது, வானம் கறுத்திருக்கும். "அக்கா, மழை வருமா, என்ன நினைக்கிறீங்க?" என்று சும்மா பேச்சுக்குக் கேட்பேன். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி நிதானமாக மேலே பார்ப்பார். கடல் பக்கம் பார்ப்பார். "பாக்காமல் சொல்லேலாது" என்பார். இவ்வளவு நேரம் என்ன பார்த்தீர்கள் என்று எனக்கு வாய் வரைக்கும் வரும். முதல் தூறல் கையில் விழுந்த பிறகு, "வருது, தங்கச்சி. எடும்" என்பார். அதற்குள் நான் பாதித் துணியை உள்ளே போட்டிருப்பேன்.

கீழ்மாடியில் ஒரு வீட்டில் பெண்ணுக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை லேப் அக்கா வேலை செய்கிற ஆஸ்பத்திரியிலேயே ஆபீசில் இருப்பவர். பெண்ணின் அம்மா ஆசையாக மேலே ஏறி வந்து கேட்டார். "பையன் எப்படிங்க?"

"நேரத்துக்கு வேலைக்கு வாறவர். அது தெரியும்."

"நல்ல பையன்தானே?"

"அது தெரியாது."

அந்த அம்மாவின் முகம் போன போக்கை நான் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னவோ தெரிந்துகொண்டு மறைக்கிறார் என்று பயந்து, அந்த வரனையே வேண்டாம் என்று திருப்பிவிட்டார்கள். அந்தப் பையன் வேறு பெண்ணைக் கட்டி ஒழுங்காகத்தான் குடும்பம் நடத்தினான். அதன் பிறகு அந்த அம்மா லேப் அக்காவை மாடிப்படியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "ஒரு வார்த்தை நல்லவன்னு சொல்லியிருக்கலாம்ல அக்கா?" என்று நானே கேட்டேன்.

"நான் அவரோட கதைச்சதே இல்லை. எப்பிடிச் சொல்லுறது?" என்றார். உண்மையாகவே புரியாமல் கேட்டார்.

என் கணவருக்கு மட்டும் அவரைப் பிடிக்கும். வம்புக்கு இழுத்துக்கொண்டே இருப்பார். டுரியான் காலம் வந்துவிட்டால் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மலையேறி பாலிக் புலாவுக்குப் போய், தோட்டத்திலேயே பழம் வாங்கிச் சாக்கில் கட்டிக்கொண்டு வருவார். பழத்தைக் காதருகே வைத்துக் குலுக்குவதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. கொட்டை ஆடுகிற சத்தத்திலேயே உள்ளே எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுவார். லேப் அக்காவின் கதவைத் தட்டி, "அக்கா, இது நல்லதா கெட்டதா, நீங்க சொல்லுங்க லா" என்பார்.

"திறவுங்கோ."

"திறந்துட்டா யாருதான் சொல்ல மாட்டாங்க? மூடி இருக்கும்போதே சொல்லணும்."

"பாக்காமல் சொல்லேலாது."

என் கணவர் கத்தியை வைத்து நெம்பிப் பிளப்பார். மஞ்சளாக, பருத்த சுளை இருக்கும். லேப் அக்கா ஒன்றை எடுத்து மெதுவாகச் சாப்பிட்டுவிட்டு, "நல்லம்" என்பார்.

"நான்தான் மொதல்லயே சொன்னேன்ல?"

"சொன்னனீர். இப்பதான் தெரியுது."

என் கணவர் விழுந்து விழுந்து சிரிப்பார். அவர் சிரித்தால் அடுத்த மாடிக்குக் கேட்கும்.

இன்னொரு பழக்கமும் லேப் அக்காவுக்கு உண்டு. எதையும் சாய்த்துப் பார்ப்பார். தயிர்ப் பாத்திரத்தை மூடியைத் திறந்து பார்த்தால் போதாதா? மாட்டார். பாத்திரத்தை ஒரு பக்கம் மெதுவாகச் சாய்த்து, தயிர் நகர்கிறதா என்று பார்த்து, பிறகு நேராக்கி வைப்பார். தீபாவளிக்கு எல்லோரும் முறுக்கு சுட்டால் அவர் தேங்காய்ப் பால் ஊற்றி அகார் அகார் என்கிற கடற்பாசியைக் காய்ச்சி, உறைவதற்குத் தட்டில் ஊற்றுவார். ஆறினதும் தட்டைச் சாய்ப்பார், நிமிர்த்துவார், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சாய்ப்பார். அவர் திருப்திப்பட்டு எங்களுக்கு அறுத்துக் கொடுப்பதற்குள் என் கணவர் பசியில் முறுக்கு டின்னைக் காலி செய்துவிடுவார். இந்தச் சாய்ப்பு எங்கிருந்து வந்தது என்று நான் தெரிந்துகொண்ட நாளைப் பற்றித்தான் இனிச் சொல்ல வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு டுரியான் காலம். என் கணவர் வழக்கம்போல பாலிக் புலாவுக்குப் போனார். திரும்பி வரும்போது மலைப்பாதை வளைவில் வண்டி சறுக்கிவிட்டது. ஹெல்மெட் போட்டிருந்தார். ஆனால் தாடைக்குக் கீழே வாரை மாட்டவில்லை. அது தலையை விட்டுத் தனியாக உருண்டுபோய் விழுந்ததாம். பின்னால் வந்த ஒரு மலாய்க்காரர் தன் வேனில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். சாக்கில் இருந்த பழங்களையும் மறக்காமல் கொண்டுவந்து ஒப்படைத்தார், பாவம்.

நானும் மாமியாரும் போனபோது அவர் கட்டிலில் படுத்துக்கொண்டு நன்றாகப் பேசினார். தலையில் கட்டு. "பழம் நசுங்கிடுச்சா?" என்றுதான் முதலில் கேட்டார். எனக்கு உயிர் திரும்பி வந்தது. மாமியார் கைகூப்பிக்கொண்டு மூலைக்கு மூலை கும்பிட்டார். மாமியாரைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு நான் கீழே போய்ப் பேர் பதிந்தேன், பிறகு கம்பெனிக்கும் துறைமுகத்துக்கும் போன் போட வரிசையில் நின்றேன். அந்த வரிசை நகரவே இல்லை.

மேலே திரும்பி வந்தபோது வார்டு வாசலில் லேப் அக்கா நின்றுகொண்டிருந்தார். வெள்ளைக் கோட்டு. வலது கை முஷ்டியாக மூடியிருந்தது. அந்தக் கையை வயிற்றோடு சேர்த்து வைத்திருந்தார். முஷ்டியைத் திறந்தார். உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய், அதில் இரத்தம். குழாயை மெதுவாகச் சாய்த்தார். இரத்தம் கண்ணாடியை ஒட்டித் தண்ணீர் மாதிரி ஓடியது. நிமிர்த்தி, மறுபடி கையை மூடிக்கொண்டார். தயிரும் அகார் அகாரும் எனக்கு அப்போதுதான் புரிந்தன.

"அவரோட இரத்தமா அக்கா?"

"ஓம். உடம்புச் சூட்டில வச்சிருக்க வேணும். அதான் கைக்குள்ள வச்சிருக்கிறன்."

"எதுக்கு?"

"உறையுதோ எண்டு பாக்க."

"உறைஞ்சிருச்சா?"

"இல்லை. இவ்வளவுக்கு உறைஞ்சிருக்க வேணும்."

அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் என் கையைப் பிடித்துச் சுவரோரமாகக் கூட்டிப் போய் நிறுத்தி, விளக்கமாகச் சொன்னார். அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"மூளையில அடிபட்டால் சில பேருக்கு இப்பிடி வரும். இரத்தத்தை உறைய வைக்கிற சாமான் எண்டு உடம்பில இருக்கு. அடிபட்ட மூளையில இருந்து ஏதோ இரத்தத்தில கலந்து, அந்தச் சாமானெல்லாம் உடம்பு முழுக்க வீணாய்ச் செலவழிஞ்சு போயிடும். பிறகு தேவையான இடத்தில இருக்காது. தலைக்குள்ள கசிவு இருந்தால் நிக்காது. டொக்டருக்குச் சொல்லிப்போட்டன்."

"அவரு நல்லா பேசறாரே அக்கா. பழம் நசுங்கிடுச்சான்னு கேக்கறாரு."

"ஓம். இப்ப கதைக்கிறார்."

"சரியாயிடும்ல?"

நான் என்ன பதிலை எதிர்பார்த்தேன் என்று தெரியவில்லை. எதிரே நின்றது லேப் அக்கா. "இன்னும் தெரியாது, தங்கச்சி" என்றுவிட்டுக் குழாயை மறுபடி சாய்த்தார்.

அன்று மத்தியானம் முழுவதும் எங்கள் உயிர் அந்தக் குழாயில்தான் இருந்தது. என் கணவரின் பேச்சு குழற ஆரம்பித்தது. பிறகு தூங்கித் தூங்கி விழுந்தார். டாக்டர் வந்து, தலைக்குள் இரத்தம் சேர்கிறது, திறந்து எடுக்க வேண்டும், ஆனால் இரத்தம் உறையாத நிலையில் கத்தி வைத்தால் நிறுத்த முடியாது என்றார். முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். மஞ்சளாக ஏதோ பையில் தொங்கவிட்டு ஏற்றினார்கள். இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்தது, உறைய வைக்கிற சாமான் அதில் இருக்கிறது என்றார்கள். புது இரத்தமும் வேண்டும் என்றதும் துறைமுகத்திலிருந்து அவருடைய கூட்டாளிகள் ஒரு லாரி நிறைய வந்து இறங்கினார்கள். தமிழர், மலாய்க்காரர், சீனர், எல்லோரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றார்கள். அவ்வளவு பேருக்கு அவரைப் பிடித்திருந்தது என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

லேப் அக்கா மறுபடி வந்து இரத்தம் எடுத்தார். மறுபடி கையை மூடிக்கொண்டு நின்றார். நான் அவர் எதிரே நின்று அந்த முஷ்டியையே பார்த்தேன். டாக்டர் வந்து, "எப்படி?" என்று இங்கிலீஷில் கேட்டார். நர்ஸ் வந்து கேட்டாள். துறைமுகத்து மேஸ்திரி வந்து, "என்னக்கா, ஓகேயா?" என்றார். யார் கேட்டாலும் அதே பதில்தான். "இன்னும் இல்லை." பொய்யாகவாவது தலையை ஆட்டிவிடுங்களேன் என்று எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. சாயங்காலத்துக்குக் கிட்டே எடுத்த குழாயில்தான் இரத்தம் கொஞ்சம் கெட்டியாகி, சாய்த்தபோது மெதுவாக நகர்ந்தது. "உறையுது. நல்லா இல்லை. ஆனால் உறையுது" என்றார். அதற்கு மேல் தாமதிக்க முடியாது என்று டாக்டர் அவரை ஆபரேஷன் அறைக்குள் கொண்டுபோனார்.

அதற்குச் சற்று முன்னால்தான் அது நடந்தது. படுக்கையை மாற்றிய நர்ஸ், தலையணைக்கு அடியிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தாள். தலைவலிப் பவுடர் மடித்து விற்பார்களே, அந்தக் காகிதம். என் மாமியாருக்குச் சின்ன வயதிலிருந்தே தலைவலி உண்டு. இடுப்பு முடிச்சில் எப்போதும் இரண்டு மூன்று பொட்டலம் இருக்கும். அவரைப் பொறுத்தவரை அது மருந்தே இல்லை. வெற்றிலை பாக்கு மாதிரி ஒரு சாமான்.

"யார் கொடுத்தது?"

"நான்தான் மிஸ்ஸி" என்றார் மாமியார். வெள்ளைக் கோட்டோ வெள்ளை கவுனோ போட்ட பெண்கள் எல்லோரும் அவருக்கு மிஸ்ஸிதான். "தலை வலிக்குதுன்னு சொன்னான்."

"இரத்தம் நிக்காத ஆளுக்கு இதைப் போய்க் கொடுக்கலாமா அம்மா? இது இரத்தத்தை இன்னும் ஓட வைக்கும்."

அந்தப் பெண் பதற்றத்தில் சொன்னாள். சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். மாமியார் அந்த இடத்திலேயே நின்றார்.

என் கணவர் மறுநாள் மத்தியானம் இறந்துபோனார்.

காரியமெல்லாம் முடிந்து வீட்டில் நானும் மாமியாரும் மட்டும் மிஞ்சினோம். பிள்ளை குட்டி இல்லை. மாமியாருக்கு அவர் ஒரே மகன். எனக்கு அழுகை நின்ற இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது. புக்கிட் மெர்தாஜாமிலிருந்து அம்மா வந்து, "அந்தக் கெழவி கையாலதானே போச்சு. நீ எதுக்கு அவளுக்கு ஆக்கிப் போட்டுக்கிட்டு இருக்க? வந்துரு" என்றாள். நான் போய்விட்டால் மாமியாருக்குப் போக்கிடம் இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் மனசு போ போ என்றது. ஒன்று மட்டும் உறுதியாகத் தெரிந்தால் போதும் என்று நினைத்தேன். பவுடரால்தான் செத்தார் என்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது.

சொல்லக்கூடிய ஆள் எதிர்வீட்டிலேயே இருந்தார். மாடிப்படியில் மறித்துக் கேட்டேன்.

"அக்கா, அந்தப் பவுடராலதானே?"

லேப் அக்கா மார்க்கெட் கூடையைக் கீழே வைத்தார். "தெரியாது, தங்கச்சி."

"நீங்க லேப்ல வேலை பாக்கறவங்க. உங்களுக்கே தெரியாதா?"

"பாக்கேலாததைச் சொல்லேலாது."

"வேற என்னதான் தெரியும் உங்களுக்கு? அன்னிக்குப் பூரா கைய மூடிக்கிட்டு நின்னீங்களே, அதுதான் தெரியும்."

அவர் கூடையை எடுத்துக்கொண்டு மேலே போனார். நான் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். அவராகக் கதவைத் தட்டவும் இல்லை. தானாக வந்து பேசுகிற ஆளும் அல்ல அவர்.

ஊரில் மற்றவர்களுக்கெல்லாம் தெரிந்திருந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் மாமியாரிடம், "உங்களால ஒண்ணும் இல்லம்மா. பவுடரு என்ன பண்ணும்? ஆயுசு அவ்வளவுதான்" என்றார்கள். மாமியார் அவர்கள் முகத்தை ஒரு தடவை பார்ப்பார், எழுந்து உள்ளே போய்விடுவார். அவருக்குத் தலைவலி மட்டும் விடவில்லை. பவுடரைத் தொடுவதில்லை. ஈரத்துணியைத் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். பக்கத்து வீட்டுக்காரி பரிதாபப்பட்டு மாத்திரை கொண்டுவந்தால், "வேண்டாம்" என்று ஒரே சொல். வலியில் பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்கும். நான் கேட்காத மாதிரி சோறு வடிப்பேன். எங்களுக்குள் சாப்பிடு, கதவைச் சாத்து என்பதற்கு மேல் பேச்சு இல்லை.

தீபாவளி வந்தது. துக்க வீட்டில் பலகாரம் சுடக்கூடாது, அக்கம்பக்கத்தில் கொண்டுவந்து கொடுப்பார்கள். தீபாவளி முடிந்ததும் அம்மா வீட்டுக்குப் போவதென்று நான் முடிவே செய்துவிட்டேன். கட்டிலுக்கு அடியில் பெட்டியில் பாதித் துணி அடுக்கியாகிவிட்டது. காலையில் கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் லேப் அக்கா, கையில் மூடிய தட்டு. வராதே என்று சொல்லவா முடியும்? உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். தட்டை மடியில் வைத்துக்கொண்டார். கீழே பிள்ளைகள் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தார்கள்.

மாமியார் அறையிலிருந்து எழுந்து வந்து நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலையில் ஈரத்துணி.

"மிஸ்ஸி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். இத்தன நாளா பயந்துக்கிட்டு கேக்கல. நான் கொடுத்த பவுடராலதான் எம்புள்ள செத்தானா?"

நான் லேப் அக்காவைப் பார்த்தேன். நல்ல நாளும் அதுவுமாக, ஒரு கிழவி வந்து நின்று கேட்கிறாள். கல்லாக இருந்தாலும் இல்லை என்று சொல்லிவிடும்.

"எப்ப குடுத்தனீங்கள்?" என்றார் லேப் அக்கா.

மாமியார் விழித்தார். இதை அவரிடம் அதுவரை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, என் அம்மாவும் கேட்கவில்லை, ஆறுதல் சொன்னவர்களும் கேட்கவில்லை.

"தலை வலிக்குதுன்னான். அப்ப கொடுத்தேன்."

"அது சரி. நான் முதல்முதல் வந்து அவருக்கு இரத்தம் எடுத்தனான். அதுக்கு முன்னமோ, பிறகோ? ஆறுதலா யோசிச்சுச் சொல்லுங்கோ."

மாமியார் கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது. பிறகு மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார்.

"நீங்க வந்தீங்க. ஊசி குத்துனீங்க. பஞ்சு வெச்சு, என்னை அமுக்கிப் புடிச்சுக்கச் சொல்லிட்டுப் போனீங்க. புடிச்சுக்கிட்டே இருந்தேன். பஞ்சு நனைஞ்சிருச்சு. வேற பஞ்சு வாங்கி வெச்சேன். அதுவும் நனைஞ்சிருச்சு. அவன் சிரிச்சான். என்னம்மா, மிஸ்ஸி பைப்ப மூட மறந்துட்டாங்களான்னான். அப்புறந்தான் தலை வலிக்குதுன்னான். கையெல்லாம் ரத்தம். போய்க் கழுவிட்டு வந்துதான் பொட்டலத்தப் பிரிச்சேன்."

சொல்லி முடித்ததும் தன் கையைப் பார்த்தார். அவர் என்ன சொன்னார் என்பது அவருக்கே அப்போதுதான் உறைத்தது என்று நினைக்கிறேன்.

"அப்ப பிறகுதான்" என்றார் லேப் அக்கா. "அந்த முதல் குழாய் உறையேல்லை. நானே கையில வச்சிருந்து பாத்தனான். பஞ்சு நனைஞ்சதை நீங்களும் பாத்திருக்கிறியள். உங்கட பவுடருக்கு முன்னமே அந்தக் கோளாறு வந்திட்டுது. அது தெரியும்."

"அப்ப நான் காரணமில்லியா மிஸ்ஸி?"

இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள் அக்கா என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். காலையில்கூட இந்தக் கிழவியைத் திட்டிக்கொண்டு எழுந்தவள் நான். எனக்கே என்னைப் புரியவில்லை. லேப் அக்கா மடியிலிருந்த தட்டைப் பார்த்தார், பிறகு மாமியாரை நேராகப் பார்த்தார்.

"அது தெரியாதம்மா. பவுடர் அதுக்கு மேல ஏதும் செய்திருக்கலாம். செய்யாமலும் இருந்திருக்கலாம். அதை நான் பாக்கேல்லை. ஆரும் பாக்கேல்லை."

மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்தார். அழப்போகிறார் என்று நான் ஓடினேன். அழவில்லை. பெருமூச்சு ஒன்று விட்டார். "தெரியாதா" என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். "சரி" என்றார்.

லேப் அக்கா தட்டின் மூடியை எடுத்தார். பச்சையும் வெள்ளையுமாக அகார் அகார். எங்கள் முன்னாலேயே தட்டை ஒரு பக்கம் சாய்த்து, கொஞ்ச நேரம் பார்த்து, நிமிர்த்தினார். "உறைஞ்சிட்டுது. சாப்பிடுங்கோ" என்று மாமியார் கையில் கொடுத்தார். அதைச் சாய்த்தபோது எனக்கு ஆஸ்பத்திரிக் குழாய் ஞாபகம் வந்தது. ஆனாலும் வாங்கிச் சாப்பிட்டேன். நாங்கள் சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் லேப் அக்கா இருந்துவிட்டு, சொல்லிக்கொண்டு போனார். வாசலில் நான், "அக்கா, அன்னிக்கு மாடிப்படியில..." என்று ஆரம்பித்தேன். "மழை தூறுது, தங்கச்சி. துணி கிடக்கு" என்று சொல்லிவிட்டுத் தன் கதவைத் திறந்தார். உண்மையாகவே தூறிக்கொண்டிருந்தது.

துணியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். மாமியார் தரையிலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"எல்லாரும் உன்னால இல்ல, உன்னால இல்லன்னாங்க" என்றார். "கூட நின்னு பாத்த மாதிரி சொன்னாங்க. அவ ஒருத்திதான் என்னைக் கேட்டா."

நான் துணியை மடித்துக்கொண்டிருந்தேன்.

"தலை பொளக்குது. ஏதாச்சும் மாத்திரை இருக்கா?"

கம்பெனி கிளினிக்கில் கொடுத்த மாத்திரை என்னிடம் இருந்தது. மற்ற சாமான்களோடு அதையும் பெட்டியில் வைத்துவிட்டேன். வேறு வழியில்லாமல் அவர் கண் முன்னாலேயே கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்துத் திறந்தேன். அடுக்கியிருந்த என் புடவைகளை மாமியார் பார்த்தார்.

"போறியா?"

"இல்ல அத்தை. மாத்திரை எடுக்கத்தான் தொறந்தேன்."

ஒரு டம்ளர் தண்ணீரும் மாத்திரையும் கொண்டுவந்து கொடுத்தேன். என்ன மாத்திரை என்று அவர் கேட்கவில்லை. வாங்கி வாயில் போட்டு விழுங்கினார்.